பொருத்தனைப் பிள்ளை

இல்லம்மா, ஜன்னலோரம் நீங்களே இருங்க. வெளிய பாத்தா எனக்கு இன்னும் படபடன்னு வருது. நீங்க போன்ல உங்க அம்மாகிட்ட தமிழ்ல பேசுனது காதுல விழுந்துச்சு, அதான் பின்னால இருந்து எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காந்துட்டேன். தப்பா நினைக்காதீங்க. இந்த ஏர்போர்ட் பஸ்ஸுல ஏறுனதுல இருந்து யார்கிட்டயாச்சும் பேசிக்கிட்டே இருக்கணும் போல இருக்கு.  கையத் தொட்டுப் பாருங்களேன், ஐஸ் மாதிரி இருக்கு.

காய்ச்சலா? நக்கோ நக்கோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல. பாத்தீங்களா, சிகந்திராபாத் திருமுல்கேரியில வந்து குடியிருந்து குடியிருந்து என் வாயிலயும் இந்த ஊரு உருதெல்லாம் வந்துட்டு. நமக்குச் சொந்த ஊரு தெக்க, நாசரேத் பக்கம். எங்க வீட்டுக்காரவுகளுக்கு சனத்நகர்ல ஒரு எஞ்சினியரிங் கம்பெனியில வேலை. தேவசகாயம்னு பேரு. இன்னைக்கு அவுகளுக்கு செகண்ட் ஷிப்ட். நான் ஏர்போர்ட்டுக்குப் போறது அவுகளுக்குத் தெரியாது. அது கெடக்கட்டும்.

மகனக் கூப்பிடத்தாம்மா போறேன். ஒத்த மகன். ஆசீர். பிலிப்பைன்ஸுல இருந்து வாரான். டாக்டருக்குப் படிக்கவா? இல்லல்ல, எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க. எம் பிள்ளை ஊழியத்துக்குப் போனான். மிஷனரி. எங்க சபையில இருந்து அனுப்புனோம். அங்க ஒரு ட்ரெய்னிங் சென்டர் இருக்கு, அதுல படிச்சு முடிச்சாத்தான் வெளிய ஊருகளுக்கு அனுப்புவாங்க.

நல்லாத்தாம்மா வச்சிருந்தாங்க. பொய் சொல்லக்கூடாது. காலைல மணி அடிச்சதும் எந்திரிக்கணும், வெள்ளைச் சட்டை, டை, பாக்கெட்டுல பேரு எழுதுன பட்டை. அந்தப் பட்டையில குடும்பப் பேருதான் போடுவாங்களாம். நமக்கு ஏதும்மா குடும்பப் பேரு? பாஸ்போர்ட்ல அப்பா பேரு இருந்துச்சா, அதையே அடிச்சுக் குடுத்துட்டாங்க. அங்க எல்லாரும் இவனத் தேவசகாயம், தேவசகாயம்னுதான் கூப்பிடுதாங்க. மொத வாரம் யாரு கூப்பிட்டாலும் அப்பாதான் பின்னால நிக்காவளோன்னு திரும்பித் திரும்பிப் பாத்தானாம். அதச் சொல்லிச் சொல்லி நாங்க வீட்டுல ஒரே சிரிப்பு.

மூணு வேளையும் சோறுதான். ஆனா காரம்னு ஒண்ணு மருந்துக்கும் கிடையாதாம். நான் குடுத்துவிட்ட மாங்கா ஊறுகாய மொத வாரமே காலி பண்ணிட்டானுவ. பகல் பூரா அந்த ஊரு பாஷை படிக்கணும், சாயந்திரம் வாலிபால். திங்கக்கெழம துணி துவைக்கிற நாளு. இங்க ஒரு கர்ச்சீப்பக் கசக்குனவன் இல்லம்மா அவன். அங்க மெஷின்ல துணியப் போட்டுட்டு, அது சுத்தி முடியிற வரைக்கும் வீட்டுக்குப் பேசலாம். வாரத்துல அந்த ஒரு நேரந்தான் போன். நான் ஞாயித்துக்கெழம ராத்திரியில இருந்தே சார்ஜ் போட்டு வச்சிருப்பேன்.

தனியாவா? அய்யோ, தனியாவே விட மாட்டாங்க. ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேத்து விட்டுருவாங்க. ஒருத்தன் கண்ணுல இருந்து இன்னொருத்தன் மறையக்கூடாது. அதுதான் அங்க சட்டம். இவன் குளிக்கப் போனா அவன் வாசல்ல நிப்பான். இவன் அம்மாகிட்ட பேசுனா அவன் பக்கத்துலயே உக்காந்திருப்பான். இவனுக்கு ஜோடியா வாய்ச்சவன் குண்டூர்ப் பையன், கருணாகர். நல்ல பிள்ளை. என்னைய ஆண்ட்டி, பாகுன்னாரான்னு தெலுங்குல சொகம் கேப்பான். நம்ம ஊருக்காரன் மாதிரி ஒருத்தன் பக்கத்துல இருக்கானேன்னு நான் எவ்வளவோ சந்தோஷப்பட்டேன்.

இவன் இங்கயே பொறந்து இங்கயே படிச்சவன். நம்ம தமிழ்ல கேட்டா எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷ்லயோ தெலுங்குலயோதான் வரும். உங்க அக்கா பிள்ளைகளும் அப்படித்தானா? எல்லா வீட்டுலயும் இதான் கதை. திங்கக்கெழம திங்கக்கெழம ஃபைன் அம்மா, ஆல் குட் அம்மா, அவ்வளவுதான். நான் அதக் கேட்டுட்டு நிம்மதியா இருந்துட்டேன்.

அங்க ஒரு பெரிய ஹால் உண்டாம். உள்ள வரிசையா சின்னச் சின்ன வீடு மாதிரி கட்டி விட்டுருக்காங்க. கதவு, காலிங் பெல், உள்ள சோபா, சொவத்துல யாரோ ஒரு குடும்பத்துப் போட்டோ. எல்லாம் நடிப்பு வீடு. ஒருத்தன் உள்ள போயி வீட்டுக்காரனா உக்காந்துக்கிடணும். மத்தவன் பெல் அடிச்சு, கும்பிடு போட்டு, உள்ள போயி அவன்கிட்ட ஆண்டவரப் பத்திப் பேசணும். வீட்டுக்காரன் எரிஞ்சு விழுவான், கதவச் சாத்துவான், கிறுக்குக் கேள்வியெல்லாம் கேப்பான். அதுக்கெல்லாம் பொறுமையா பதில் சொல்லிப் பழகணும். பின்ன வெளிய போனா நெசமாவே அப்படித்தான நடக்கும்.

அதுல ஒவ்வொருத்தனும் தன்னோட சாட்சி சொல்லணும். சாட்சின்னா, ஆண்டவர் எனக்கு இன்னது செஞ்சாருன்னு சொல்றது. ஆசீர் சாட்சிதான் அங்க எல்லாத்தையும் விட நல்லாருக்குன்னு வாத்தியாரே சொன்னாராம். நல்லாத்தான இருக்கும். அது நான் சொல்லிக் குடுத்த சாட்சி.

அது என்னன்னா, இவன் கைக்குழந்தையா இருக்கையில காய்ச்சல் வந்து வலிப்பு வந்துட்டும்மா. கண்ணு மேல சொருகிட்டு. சிகந்திராபாத்துல ஆஸ்பத்திரியில போட்டுருந்தோம். டாக்டர் எங்க வீட்டுக்காரவுகளத் தனியாக் கூப்பிட்டுப் பேசுனாரு. நான் பாத்ரூம்ல போயி முழங்கால் போட்டு, ஆண்டவரே, இவனப் பிழைக்க வச்சீருன்னா இவன உமக்கே குடுத்துடுதேன்னு பொருத்தனை பண்ணேன். நீங்க மொட்டை போடுதேன், காவடி எடுக்கேன்னு நேந்துக்கிட மாட்டீங்களா, அது மாதிரிதான். ஆனா நான் நேந்தது முடிய இல்ல, பிள்ளைய. விடியக்காலம் பால் குடிச்சான். அதுல இருந்து ஒவ்வொரு பொறந்த நாளுக்கும் சபையில எந்திரிச்சு நின்னு இதச் சொல்லுவேன். அவன் என் சேலையப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நிப்பான். அதக் கேட்டுக் கேட்டே வளந்தவன்.

தண்ணி இருக்காம்மா? ஒரு வாய் குடுங்க. 

ஒரு நாளு அந்த நடிப்பு வீட்டுல கருணாகர் வீட்டுக்காரனா உக்காந்திருக்கான். இவன் போயி பெல் அடிச்சுட்டு, எப்பவும் போல சாட்சியச் சொல்லியிருக்கான். எங்க அம்மா பொருத்தனை பண்ணாங்க, நான் பிழைச்சேன்னு. அந்தப் பையன் கேட்டிருக்கான், எங்க அம்மாவும் எந்தம்பிக்காகப் பொருத்தனை பண்ணாங்களே, அவன் ஏன் பிழைக்கலன்னு. இவன் அதையும் நடிப்புன்னே நினைச்சிருக்கான். ஒருவேளை உங்க அம்மா முழு மனசோட கேக்கலயோன்னு, அங்க சொல்லிக் குடுத்த மாதிரியே சிரிச்ச மொகமா பதில் சொல்லியிருக்கான். சுத்தி நிக்கிற பயலுவ எல்லாம் நல்ல பதில்னு கையத் தட்டுதானுவ. அந்தப் பையன் தலையத் தூக்கவே இல்லியாம். பொறவுதான் தெரிஞ்சிருக்கு, நெசமாவே தம்பி இருந்திருக்கான். மஞ்சக்காமாலையில போயிட்டான்.

சண்டையா? சண்ட போட்டாத்தான் தேவலையே. அந்தப் பிள்ளை ஒரு வார்த்த திட்டல. மறுநாளும் இவன் குளிக்கப் போகையில வாசல்ல போயி நின்னுருக்கான். ஒரே அறை, ஒரே மேஜை, கண்ண விட்டு மறையக்கூடாது. இவன் எங்க திரும்பினாலும் அந்த மொகம். அதுக்கப்புறம் இவனால வாயத் தொறந்து அந்தச் சாட்சியச் சொல்ல முடியல. சோறு எறங்கல.

எனக்கு எப்படித் தெரியும்னா, ஒரு திங்கக்கெழம போன் வந்துச்சு. எடுத்தா, அம்மான்னு கூப்பிட்டுட்டு தமிழ்ல பேசுதாம்மா. எம் மகன் தமிழ்ல பேசுதான். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை எழுத்துக் கூட்டுற மாதிரி ஒவ்வொரு சொல்லாத் தேடித் தேடி.  பக்கத்துல கருணாகர் இருக்கான்ல, இங்கிலீஷு, தெலுங்கு, இந்தி எல்லாம் அவனுக்குத் தெரியும். இவனுக்கு ஒளிச்சுப் பேச மிச்சம் இருந்தது தமிழ் ஒண்ணுதான்.

பயமா இருக்கும்மான்னான். என்னால இங்க இருக்க முடியலன்னான். அந்தப் பையன் மொகத்தப் பாக்க முடியலன்னான். எல்லாத்தையும் அந்தக் கொழந்தைத் தமிழ்லயே சொல்லி முடிச்சான்.   கடைசியில கேக்கான்: அம்மா, நான் திரும்பி வந்தா செத்துருவேனா?

நான் என்னம்மா சொல்லுவேன்? பொருத்தனைய மீறுனா என்னாகும்னு அவனுக்குக் கதை கதையாச் சொன்னவளே நான்தான.  மெஷின் நின்னுட்டு, துணி எடுக்கணும், வைக்கேன்னு வச்சுட்டான்.

அந்த வாரம் பூரா நான் நானா இல்ல. சமைச்சதுல உப்பு இல்லன்னு அவுக திட்டுனாவ. அவுககிட்ட சொல்ல முடியுமா? சபை வாசல்ல இன்னும் அவன் வழியனுப்பு பேனர் தொங்குது. அவுக ஷிப்டுக்குப் போகையிலயும் வரையிலயும் வண்டிய நிறுத்தி அதப் பாத்துட்டுத்தான் வாராவ.

அவனா முடிவு பண்ணானா? இல்லம்மா. அவன் எங்க முடிவு பண்ணான், அவன் என்னையத்தான பாத்துக்கிட்டிருந்தான். அடுத்த திங்கக்கெழம போன் வந்ததும் அவன் வாயத் தொறக்கு முன்னால நான்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்துருய்யா, குடுத்தது நான், நானே திரும்ப வாங்கிக்கிடுதேன்னு. சொல்லிட்டேன். சொல்லும்போது நல்ல தைரியமாத்தான் இருந்துச்சு.

இப்ப அந்தப் பிளேன் வானத்துல இருக்கு. காலைல இருந்து ஜெபம் பண்ணலாம்னு பாக்கேன், முழங்கால் போட்டா ஒரு வார்த்த வர மாட்டேங்குது. யார்கிட்ட இருந்து பிடுங்குனேனோ, அவர்கிட்டயே போயி பத்திரமா எறக்கி விடும்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்க?

நெத்தியில குங்குமம் வச்சிருக்கீங்க. கோயிலுக்குப் போயிட்டுத்தான வாரீங்க? அதான், தமிழ் காதுல விழுந்ததுக்காக மட்டுமில்ல, அதப் பாத்துட்டுத்தாம்மா பக்கத்துல வந்து உக்காந்தேன். உங்க சாமிக்கு நான் ஒண்ணும் குடுத்ததில்ல, ஒண்ணும் திருப்பி வாங்குனதும் இல்ல. அவன் தரையில கால் வைக்கிற வரைக்கும் அது கொஞ்சம் பாத்துக்கிடட்டும். எனக்காக ஒரு வார்த்த சொல்லுதீங்களா?