குருநகர் சந்தியோகுவின் வெண்கலச் சிலை தொடர்பாக

பெயர்: அந்தோனி செபநாயகம். வயது: 61. தொழில்: சம்மாட்டி, சொந்தமாக இரண்டு வள்ளம். விலாசம்: கடற்கரை வீதி, குருநகர், யாழ்ப்பாணம். படிப்பு: ஐந்தாம் வகுப்பு, ஆனாலும் எந்த மேடையிலும் பேசுவேன். திகதி: 12.02.1985.

நான் மேற்படி விலாசத்தில் வசிக்கிறேன். படையினர் பிடித்துச் சென்ற சந்தியோகு, வயது 78, என் கூடப்பிறந்த தமையன். இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு எகிப்துக்குப் போய் வந்தவர். எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தார் சங்க வாசலில் அவருக்கு மார்பளவுச் சிலை வைக்கத் தீர்மானித்தனர். கடலுக்குப் போகத் தடை என்பதால் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அவற்றின் இயந்திரங்களிலிருந்த தண்ணீரைத் தள்ளும் வெண்கலக் காத்தாடிகளைக் கழற்றிக் கொடுத்தோம். அதன் பின் கோயில் மணி வார்க்கும் நடராசா அவற்றை உருக்கிச் சிலை செய்தார். மூக்கு எப்படி வர வேண்டும் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தது நான். பீடத்தில் வெட்டிய வாசகமும் நான் சொன்னதே: "குண்டு வைத்துப் பன்னிரண்டு பாலங்களைத் தகர்த்த போர்வீரர்." அண்ணை அதை வாசித்துவிட்டு, "உதெல்லாம் ஏன்ரா தம்பி?" என்றார். "நீங்கள் சும்மா இருங்கோண்ணை" என்றேன். திறப்பு விழாவுக்கு ஆயிரம் பேர் வந்தனர். இந்த வாக்குமூலத்தை எழுதும் ஐயா திரும்பக் கேட்டதால் திருத்திச் சொல்கிறேன், நாற்பது பேர்.

அதன் பின் இம்மாதம் 9ஆம் திகதி காலை பத்து மணியளவில் படையினரின் ட்ரக் ஒன்று சங்கத்து வாசலில் நின்றது. உடன் வந்த தமிழ் தெரிந்த ஒருவர் பீடத்தை வாசித்து அதிகாரிக்குச் சொல்லிவிட்டு, "ஆர் இவர்? உது உண்மையோ?" என்று எங்களைக் கேட்டார். மரியாதை செய்யத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து நான் முன்னால் போய், "பன்னிரண்டு இல்லை சேர், பதினாறு. பெடியளுக்குப் பழக்கியும் விட்டவர்" என்றேன். அவர்கள் இயக்கப் பெடியள் என்று எடுத்துவிட்டார்கள்; அவர் பழக்கியது ஊர்ப் பெடியளுக்கு, கிழிந்த வலை பொத்த.

அதன் பின் சிலையடியில் வலை பொத்திக்கொண்டிருந்த அண்ணையிடம், "பெரியவர், உவர் சொல்லுறது சரியோ?" என்று கேட்டனர். அண்ணை என்னைப் பார்த்தார். சுற்றி நின்ற சங்கத்தாரையும் பார்த்தார். "ஓம், தம்பி பொய் சொல்லான்" என்றார். அவருக்கு முழங்கால் மடங்காது. இரண்டு பேர் தூக்கித்தான் ட்ரக்கில் ஏற்றினர். வலை ஊசி அவர் கையோடு போய்விட்டது.

அதன் பின் நான் ட்ரக்குக்குப் பின்னால் ஓடி, "ஐயோ சேர், அவர் குசினிக்காரன், துவக்கே தொட்டதில்லை" என்று கத்தினேன். சங்கத் தலைவர் செல்வரட்ணம் என் சேட்டுக் கழுத்தைப் பிடித்து இழுத்து, "இப்பவாவது உன்ரை வாயைப் பொத்தடா" என்றார்.

அண்ணை எகிப்தில் இருந்த மூன்று வருடமும் கிழங்கு உரித்தார், பாண் சுட்டார். கையிலுள்ள தழும்பு கொதிக்கும் கேத்தில் பட்டது. வெடி பட்டது என்று ஊருக்குச் சொன்னவன் நான். பட்டாளத்தார் கொடுத்த கடிதத்தில் சமையலாள் என்றே இருக்கிறது. அதை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

நேற்று அதே கடிதத்தோடு முகாம் வாசலில் மூன்று மணித்தியாலம் நின்றேன். அதன் பின் அந்தத் தமிழ் தெரிந்தவர் வெளியே வந்து, கடிதத்தை வாங்காமல், "கிழவர் எல்லாம் ஒத்துக்கொண்டு எழுதிக் குடுத்திட்டார், இனி வராதேங்கோ" என்றார். எத்தனை பாலம் என்று கேட்டேன். பதினாறு என்றார்.

இவ்வளவும் நான் அறிய உண்மை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை என்று சொல்லி ஒப்பம் வைத்தேன்.

(ஒப்பம்) அ. செபநாயகம்