செத்தவன் இரும்புலியூருக்குத் திரும்பினான்

"படு! படு!" தங்கப்பன் கத்துகிறார். தையல் மிஷினுக்கு அடியில் பாய்கிறேன். முதலில் ஒரு விசில். பிறகு நிசப்தம். பிறகு சுவர் உள்ளே வருகிறது.

1991 ஜனவரி. விடியும் நேரம். தோற்றுக்கொண்டிருந்த ஒரு படையின் கேப்டன் வீடு அது. வீட்டுக்காரர்கள் நிலவறையில். கைதிகள் நாங்கள் இருவர் மேலே, வெளியே தாழிட்ட அறையில். மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நிலவறைக்கு இறங்குமுன் கேப்டனின் மனைவி கண்ணாடி விளக்கைக் கழற்றி எடுத்துப்போனாள். எங்களைத் திறந்துவிடத்தான் கை வரவில்லை.

நான் காதர். தையல்காரன். ஊர் இரும்புலியூர். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோடு மேல் சொந்தக் கடை. 1988இல் அதை அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டு குவைத் போனேன். திரும்பி வந்து கடைக்கு மாடி எடுக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை, பக்கத்து நாட்டுப் படை வந்தது. டாங்கிகள் தார் ரோட்டை அரைத்தன. மாவு மிஷின் வெறுமனே ஓடுகிற சத்தம். சில நாளில் எங்கள் கடை வாசலில் லாரி. தைக்கத் தெரிந்தவன் எல்லாம் ஏறு என்றார்கள். நான் ஏறினேன். இஸ்திரி போடும் ஆலப்புழைக்காரர் தங்கப்பன் ஏறினார். பொத்தான் வைக்கும் பல்லாவரத்துக்காரன் ஒருவனும் ஏறினான். ஒரு திருப்பத்தில் லாரி வேகம் குறைந்தது. பல்லாவரத்துக்காரன் குதித்தான். அவர்கள் மொழியில் "நில்!" என்று கத்தல். இரண்டு வேட்டு. இரண்டும் அவனைக் குறிவைத்தவை. இரண்டும் தவறின. அவன் சந்துக்குள் மறைந்தான். தப்பித்தான் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்களை எல்லை தாண்டிக் கொண்டுபோனார்கள். கேப்டனுக்கு நாங்கள் கொள்ளைப் பொருள். அந்த வீட்டில் எல்லாமே கொள்ளைப் பொருள்தான். பள்ளிக்கூட நாற்காலிகள். யார் வீட்டுக் குழாயோ, திருகிக் கழற்றியது. அந்தக் குழாயில் ஒருநாளும் தண்ணீர் வரவில்லை. தினமும் துடைத்து வைத்தார்கள்.

கடைகளிலிருந்து அள்ளி வந்த துணியில் நான் திரைச்சீலை தைத்தேன். அந்த அம்மாளுக்குக் கவுன் தைத்தேன். கேப்டன் ஒரு குண்டுகூடச் சுட்டவன் இல்லை. ஆனாலும் சட்டையில் பட்டைப் பட்டையாக ரிப்பன் தைக்கச் சொன்னான். தைத்தேன். கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே பார்த்துக்கொண்டான். கல்யாண ஊர்வலக் குதிரை தோற்றது.

எங்கள் பெயரை அவர்கள் கேட்கவே இல்லை. என்னை 'ஹிந்தி' என்றார்கள். அவர்கள் மொழியில் இந்தியன் என்று அர்த்தம். தங்கப்பனையும் 'ஹிந்தி' என்றார்கள். தாம்பரம் ஸ்டேஷன் போர்டில் இந்தி எழுத்தைத் தாரால் அழித்த ஊர்க்காரன் நான். கடைசியில் எனக்கே அந்தப் பெயர்.

ஜனவரிக்கு வருகிறேன். புழுதி அடங்குகிறது. இடது காதில் ஒரே ரீங்காரம். அது இன்றுவரை நிற்கவில்லை. தங்கப்பன் சுவருக்கு அடியில் கிடக்கிறார். கல்லைப் புரட்டுகிறேன். மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். மார்பில் காது வைத்துப் பார்க்கிறேன். வலது காது. ஒன்றுமில்லை. கண்ணை என் கையால் மூடினேன். பிறகுதான் இடிந்த சுவர் வழியாக வெளியே போனேன்.

நடந்தேன். லாரிகளில் தொற்றினேன். எல்லையில் அகதி முகாம். பிறகு பம்பாய் விமானம். மெட்ராஸ் ரயில். பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கியபோது பிப்ரவரி வெயில். இரும்புலியூருக்கு நடந்தேன்.

தெருமுனை சைக்கிள் கடைக்காரன்தான் முதலில் பார்த்தான். கையிலிருந்த டியூபைக் கீழே போட்டான்.

"காதரு! இன்னாபா இது! உன் நாப்பதாம் நாளுக்கு பிரியாணி துண்ணேனே!"

நன்றாக இருந்ததா என்று கேட்டேன்.

பல்லாவரத்துக்காரன் அக்டோபர் கடைசியில் ஊருக்கு வந்து சேர்ந்து, நேராக என் வீட்டுக்குப் போயிருக்கிறான். நான் லாரியிலிருந்து குதித்ததாகவும், இரண்டு குண்டு பாய்ந்து விழுந்ததாகவும் சொல்லியிருக்கிறான். வீட்டில் எனக்காகப் பாத்திஹா ஓதினார்கள். சேதி வந்த நாளிலிருந்து என் மனைவி ஜுலைகாவை இத்தாவில் உட்கார வைத்தார்கள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் திரைக்குப் பின்னால் இருக்க வேண்டும். அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. அது எங்கள் வழக்கம். அதில் எனக்குக் குறையில்லை. ஆள் செத்தானா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை என்பதுதான் குறை.

வாசலில் அண்ணன். என்னைப் பார்த்தார். கட்டிப்பிடிக்கவில்லை. கதவில் குறுக்கே கை வைத்தார்.

"உள்ள போவாதடா! அவ இத்தால கீறா. ஆம்பள மொகம் பாக்கக் கூடாது."

"யாருக்காக இத்தா?"

"உனுக்காகத்தான். பள்ளிவாசல் ஹஜ்ரத்தாண்ட கேட்டுகினு வரேன். அது வரிக்கும் வெளியவே நில்லு."

மார்க்கத்தின் மேல் அண்ணனுக்கு அத்தனை பற்று இருந்ததை அன்றுதான் அறிந்தேன். குரோம்பேட்டைக் கடை போர்டில் என் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதிவிட்டார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. செத்தவன் சொத்து, பங்கு பிரித்தாகிவிட்டதாம். நான் அவர் முன்னால் நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது அவருக்கு எவ்வளவு பேஜார்!

அங்கேயும் வெளியே தாழ்ப்பாள். இங்கேயும் வெளியே ஆள். நான் கத்தவில்லை. உள்ளேயிருந்துதான் ஜுலைகாவின் குரல் அண்ணனை நோக்கி வந்தது.

"மச்சான், நவுருங்க. இத்தா செத்தவருக்குத்தான். இவரு வாசல்ல நின்னுகினு கீறாரு."

திரையை அவளே இழுத்தாள். வெள்ளைப் புடவை. கழுத்தில் நான் கட்டிய கருகமணி இல்லை. அந்த வெறும் கழுத்தைப் பார்த்து அழுதேன். கேப்டன் வீட்டில் ஒருநாளும் அழாதவன், என் வாசலில் தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா எங்கே என்று கேட்டேன். சேதி கேட்ட வாரமே போய்விட்டதாக அண்ணன் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பல்லாவரத்துக்குப் போனேன். அவன் டீ வாங்கிக் கொடுத்தான்.

"சத்தம் கேட்டுச்சுண்ணா. நீங்களும் பின்னாடியே குதிச்சீங்கன்னு நெனச்சிகினேன். அதான்..."

"திரும்பிப் பாத்தியா?"

"இல்லண்ணா. ஓடிகினு இருந்தேன்."

முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தத்தை வைத்து என்னைக் கொன்றவன் அவன். வீட்டுக்கு வீடு கூப்பிட்டுக் கதை கேட்டிருக்கிறார்கள். கடைசி வீட்டில் நான் கலிமா சொல்லிவிட்டுச் செத்தேனாம். டீயைக் குடிக்காமல் வந்தேன்.

அந்த வாரமே ஆலப்புழை போனேன். தங்கப்பனின் மனைவி அழுவதற்கு முன் ஒன்றுதான் கேட்டார். நீங்கள் பார்த்தீர்களா? பார்த்தேன், இந்தக் கையால் கண்ணை மூடினேன் என்றேன். அதன் பிறகுதான் அவர் அழுதார்.

திரும்பி வந்தபோது தெருவில் டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டர் கொண்டு வந்தாயா என்று கேட்டார்கள். இப்போதும் சிலர் துபாய்ப் பேச்சு வந்தால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள். அவர்கள் மறந்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். இழந்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒரு காது. ஒரு கடை. ஜுலைகாவின் கருகமணி. அறுத்ததை எங்கே போட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆட்களில், தங்கப்பன். பார்த்தேன். அம்மா. பார்க்கவில்லை, சொன்னார்கள். மண்ணைத்தான் பார்த்தேன். அண்ணன். குரோம்பேட்டையில் என் கடையில் உட்கார்ந்திருக்கிறார். பஸ்ஸில் போகும்போது தினமும் பார்க்கிறேன். அவரையும் சேர்த்து மூன்று பேர்.