நம்ம சாக்கடை

ரெண்டு நாற்காலியா? பாராட்டு விழா மேடையிலயா? எனக்கொண்ணு, அவன் மாமாவுக்கு ஒண்ணு. அவனே சொன்னானா, அவன் வாயால? அக்காவையும் மாமாவையும் கையோட கூட்டிட்டு வான்னு? ம். சரி, உக்காருங்க. அந்தத் துணியைத் தள்ளி வச்சுட்டு உக்காருங்க, ஊசி கிடக்கும், பாத்து.

நான் மெஷினை நிறுத்த மாட்டேன், தப்பா நினைக்காதீங்க. பள்ளிக்கூட யூனிபாரம், நாளைக்குக் குடுத்தாகணும். உங்களைத் தம்பின்னு கூப்பிடலாம்தான், வயசு அப்படித்தான் இருக்கு. ஆனா கூடப் பொறந்த ஒருத்தனாலயே அந்த வார்த்தை எனக்குச் சலிச்சுப் போச்சு. சார்னே கூப்பிடறேன்.

மாமாவா, என் வீட்டுக்காரரா? வீட்ல இல்ல. அதுக்கு வர்றேன், இருங்க.

நான் என்ன பேசணும்? சின்ன வயசுலயே அவனுக்கு மக்கள் மேல அக்கறை, அந்த மாதிரியா? ரெண்டே நிமிஷம்? பேசலாமே. அக்கறை இருந்துச்சு சார், இல்லேன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். வாசல்ல சாக்கடை பாத்தீங்கல்ல, பலகை மேல ஏறித்தானே உள்ள வந்தீங்க? அவனோட அரசியல் பொறந்ததே அங்கதான். சிரிக்காதீங்க, பொறந்த இடத்தைத்தானே சொல்றேன்.

அப்ப இங்கதான் எங்க கூட இருந்தான். மழை வந்தா அந்தத் தண்ணி இந்த மெஷின் மிதி வரைக்கும் ஏறும். ஒரு நாள் முட்டி அளவு தண்ணியில நின்னுக்கிட்டு தெருவையே கூப்பிட்டான். இது யாரு சாக்கடை, நம்ம சாக்கடை, நாமதான் மூடணும்னான். நாம. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சார் ஓட்டு விழுந்துச்சு. கவுன்சிலர் ஆயிட்டான்.

கொடியெல்லாம் நான் தச்சது, வெட்டி மிஞ்சின துணியில. போஸ்டர் ஒட்டினது மாமா. அவருக்கு மர வேலை, ஏணி சொந்தமா இருந்துச்சு. ராத்திரி பகல்னு பாக்காம பசை வாளியோட ஏறி இறங்குவார். அவர் ஏணி புடிச்சு ஏத்திவிட்ட ஆளு சார், இப்ப ஏணி வச்சாலும் எட்ட மாட்டேங்கறான்.

ஜெயிச்சதும் மாமா சொன்னார், டேய், என்கிட்ட நல்ல கனமான மரம் கிடக்கு, வாசல் அளவுக்காவது நான் மூடிடறேனேன்னு. இவன் கையெடுத்துக் கும்பிட்டான். மாமா, தயவுசெஞ்சு நீங்க கை வைக்காதீங்க. சாக்கடையை மூடறேன்னு ஜெயிச்சவன் அக்கா வீட்டுலயே சொந்தச் செலவுல மூடிக்கிட்டாங்கன்னு எதிர்க்கட்சிக்காரன் சிரிப்பான், என் மானம் போயிடும். நான் கான்கிரீட்டே போட்டுத் தர்றேன், அதுவரைக்கும் இந்தப் பலகை கிடக்கட்டும்னான்.

கிடந்துச்சு. ஊருக்கெல்லாம் கதவு செஞ்சு மாட்டின மனுஷன், தன் வாசல்ல எவனோ போட்டுட்டுப் போன பலகையை மாத்தல. மச்சினன் மானமாம். இத்துப் போச்சுங்க, மாத்துங்கன்னு நானும் வாய் வலிக்கச் சொன்னேன். அவன் வாக்குக் குடுத்திருக்கான், பொறுன்னு என்னையே அடக்கிடுவார். அவன்கூட மறந்திருப்பான் சார், இவர் மறக்கல.

அவனைக் கேக்காம இருப்பேனா? கேட்டேன். கவுன்சிலரா இருந்தப்ப, மேல இருந்து நிதி வரணும்க்கான்னான். அப்புறம் என்னவோ அலை அடிச்சுது, குடும்பத்தோட ஜாகையை மாத்திக்கிட்டு நேரா பார்லிமென்ட்டுக்குப் போனான். மேலயே போயிட்டியே, இப்பக் கேளுன்னேன். அக்கா, அங்க நாங்க நாட்டைப் பத்திப் பேசறோம், சாக்கடையெல்லாம் கவுன்சில் வேலைங்கறான். கீழ இருந்தா மேல கேளு, மேல போனா கீழ கேளு. அங்கயிருந்து சட்டசபைக்கு வந்தான் பாருங்க, மாமாவுக்குத் தலைகால் புரியல. நடுவுல வந்துட்டான்டி, இனிமே ரெண்டு பக்கமும் சொல்லலாம்னார். இவன் என்ன சொன்னான் தெரியுமா? எங்க அரசு பரிசீலிக்குதுன்னான்.

எங்க அரசு. கவனிச்சீங்களா? நாம போய் நாங்க ஆயிடுச்சு. நாமன்னா அதுக்குள்ள நானும் இருக்கேன். நாங்கன்னா கதவைச் சாத்திட்டாங்கன்னு அர்த்தம். படிச்சவர், உங்களுக்குத் தெரியாததா.

இப்ப நகராட்சித் துறைக்கே மந்திரி. சந்தோஷம். இனிமே யாரைக் கை காட்டுவான்னு பாக்கணும்னு எனக்கும் ஆசைதான்.

இல்ல சார், அழல. அழுகையெல்லாம் எப்பவோ தீந்து போச்சு. இது கோவம்.

போன மழையில நான் அவனுக்குப் போன் பண்ணினேன். அவன் எடுக்கல, யாரோ எடுத்தாங்க. நீங்க இல்ல, குரல் வேற. விஷயத்தைச் சொன்னேன். ஐயா சபையில இருக்கார், சொல்லிடறோம்னாங்க. சாயங்காலம் அதே குரல் திரும்பக் கூப்பிட்டு, ஐயா சார்பா எங்களுடைய ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவிச்சுக்கறோம்னுச்சு. கூடப் பொறந்தவளுக்கு, எங்களுடைய.

தெரிஞ்சும் வரலையேன்னு இவ்வளவு நாளா அவனை வயிறெரிஞ்சு திட்டிக்கிட்டிருந்தேன். நீங்க வந்து ரெண்டு நாற்காலின்னு சொன்னப்பதான் புரியுது. அவனுக்கு யாரும் சொல்லவே இல்ல. சொல்லலைன்னா என்ன சார், மாமா எப்படி இருக்கார்னு அவனும் ஒரு தடவைகூடக் கேக்கல.

அட, மெதுவா எழுந்திரிங்க, ஊசி குத்திடப் போகுது. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம், அவன் ஆபீசுக்குப் புதுசா வந்தவர்.

நான் வரலை. நாற்காலியை எடுத்துடாதீங்க, ரெண்டும் அங்கயே கிடக்கட்டும். மாமா எங்கன்னு கேப்பான்ல, அப்ப நீங்களே சொல்லிடுங்க. வாசல்ல அந்தப் பலகை புதுசுதான், பயப்படாம மிதிச்சுப் போங்க. பழசு அன்னிக்கு மழையில அவரோடயே சாக்கடைக்குள்ள போயிடுச்சு.