பெட்டியில் இல்லாத பெயர்

எழுதியவரின் ஒப்பமிட்ட சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் அச்சேறக் கூடாது. நாங்கள் தொடங்கவிருந்த இதழின் முதல் விதி இது. எழுதியவன் நான். மறந்தவனும் நான்.

1995 ஒக்டோபர் 31. காலை. நாவற்குழிப் பாலம். மழை. யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே வீதியில் நிற்கிறது. நகரவில்லை. பின்னால் ஷெல். புறப்படும்போது 'டும்'. விழும்போது தகரம் கிழிவதுபோல். இடையில் பன்னிரண்டு வரை எண்ணலாம். எண்ணினேன்.

"குனியுங்கோ! குனியுங்கோ!"

குனிய இடமில்லை. என் முன்னால் அருமைநாயகம் மாஸ்டர். வரலாறு படிப்பித்தவர். எந்தப் பக்கமும் சாராத இதழ் அவருடைய யோசனை. ஒரு பொலித்தீன் பையை என் சேட்டுக்குள் திணித்தார். அவர் கட்டுரை. நாற்பத்தொரு பக்கம். எங்கள் ஊரில் இராணுவம் பிடித்துக்கொண்டுபோனவர்கள், போராளி இயக்கம் பிடித்துக்கொண்டுபோனவர்கள். பெயர், நாள், சாட்சி. சனம் தள்ளியது. பிறகு அவரைக் காணவில்லை.

கட்டுரையை அவர் பெயரோடு போடுவதா, இல்லாமலா? கேட்கவில்லை. கச்சேரியில், அரசாங்க அதிபர் அலுவலகத்தில், முப்பத்தோராண்டு பிறர் படிவங்களில் விடுபட்டதைச் சிவப்பு மையால் வட்டமிட்டவன். கேட்கவில்லை.

1997 பெப்ரவரி. அமெரிக்கா, ஜேர்சி சிட்டி. மகள் வசந்தியின் வீடு, ஏழாம் மாடி. ஜேர்னல் ஸ்குவேர் எட்டு நிமிட நடை. ஒரு பத்திரிகையின் பெயர் கொண்ட சதுக்கம். இதழ் தொடங்க வேறென்ன சகுனம் வேண்டும்? ஐந்து பேர் சேர்ந்தார்கள். மற்றக் கட்டுரைகள் தயார். மாஸ்டருடையது மட்டும் காத்திருந்தது. அவர் வன்னியில் இருப்பதாகத் தகவல். பெயர் போட்டால் அவர் உயிருக்கு ஆபத்து. போடாவிட்டால் அது வெறும் வதந்தி. முடிவு அவருடையது. கொழும்பிலிருக்கும் அவர் தங்கை மூலம் எழுதிக் கேட்டேன்.

இங்கே தபால்பெட்டியில் பெயர் இல்லாதவருக்குக் கடிதம் போடமாட்டார்கள். எங்கள் பெட்டியில் 'ரவீந்திரன்'. மருமகன் பெயர். வசந்தியும் அதற்குள் அடக்கம். என் கடவுச்சீட்டில் கடைசிப் பெயர் சங்கரப்பிள்ளை. என் தகப்பனார். 1961இல் காலமானவர். மாஸ்டருக்கு நான் வெறும் நடராசா. கட்டட நிர்வாகத்துக்கு முறைப்படி விண்ணப்பித்தேன். இணைப்பு மூன்று.

"அப்பா, ஒரு துண்டிலை எழுதி ஒட்டிவிடுங்கோவன். ஆர் கேக்கப்போகினம்?"

"அனுமதி வரட்டும் பிள்ளை."

"இது கச்சேரி இல்லையப்பா!"

மருமகன் சிரித்தார். "விடும் வசந்தி. மாமாவின்ரை அனுமதியும் என்ரை கிரீன் கார்டும் ஒண்டாத்தான் வரும்."

வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர் இல்லையென்று மறுத்தார்கள். மேன்முறையீடு செய்தேன். இரண்டு ஆண்டில் ஏழு கடிதம். பிரதிகள் என்னிடம் உண்டு. பதில் இல்லை. மாஸ்டரிடமிருந்தும் இல்லை. இதழ்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியாகப் போனவர் கேட்டார்: "அங்கிள், உண்மையைச் சொல்லுங்கோ, நீங்கள் எந்தப் பக்கம்?"

1999 ஓகஸ்டில் அனுமதியின்றி ஒரு துண்டை ஒட்டினேன். 'நடராசா'. ஒருவரும் கேட்கவில்லை. மாஸ்டருக்கு மறுபடி எழுதினேன்.

பத்து மாதம் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் அவர் மனைவி.

"இவர் உங்களுக்கு இரண்டு தரம் எழுதினவர். இரண்டும் அப்படி ஒராள் இல்லையெண்டு கொழும்புக்குத் திரும்பி வந்திட்டுது. நீங்கள் இதழை விட்டிட்டியள் எண்டு நினைச்சவர். மாசியிலை ஷெல் விழுந்து செத்துப்போனார். பேரைப் போடச் சொன்னவர். முழுப் பேரை."

கணக்கு இது. மாஸ்டர், வயது ஐம்பத்தெட்டு. திரும்பிப் போன கடிதம் இரண்டு. கழன்றவர் ஐவர். வெளிவந்த இதழ் ஒன்றுமில்லை. நாற்பத்தொரு பக்கமும் ஈரக்கறையோடு பத்திரம். அடுத்த பக்கத்திலிருந்து அவற்றைத் தருகிறேன், அவருடைய முழுப் பெயரோடு.

சம்மதம் கிடைத்த திகதி: 2000 ஜூன் 14, புதன்கிழமை.