இடைவேளைக்குப் பிறகு ஒரு பட்டுச்சேலை

— நீ என்ன வேணா சொல்லுடா மாயா, இடைவேளைக்குப் பொறவுதான் அது படம் மாதிரி இருந்துச்சு.

— இடைவேளைக்குப் பொறவா? யக்கா, ஊரே முத பாதிதான் நல்லாருக்கு, பின்பாதி ஒரே அழுகாச்சின்னு சொல்லுது. போடி தியேட்டருல எனக்கு முன்சீட்டுல இருந்த பெரியவரு, இடைவேளையில பஜ்ஜி திங்க எந்திரிச்சுப் போனவரு திரும்பி வரவே இல்ல, பாத்துக்கங்க.

— அழுகாச்சியா? யாரு அழுதா? பாட்டு மட்டும் மூணு. பொன்னுமணி வீட்டு டிவி முன்னால இருவது பேரு உக்காந்திருந்தோம், ஒருத்தி மூக்கச் சிந்தல. எஸ்டேட்டு லயத்துல பக்கத்து வீட்டு மலையாளத்து சேச்சி, எந்திரிச்சு நின்னு ‘அடிபொளி’ன்னு கைதட்டுறா.

— செங்கச்சூளை ஆத்தா படந்தான சொல்றீங்க? நான் பென்டிரைவுல கொண்டாந்து குடுத்தது?

— அதேதான் அப்பு. மக லாரிக்காரனோட ஓடிப்போறா. ஆத்தாக்காரி கொட்டுற மழையில நின்னு, எரியிற சூளையில ரெண்டு கையாலயும் மண்ணள்ளிப் போட்டு, ‘இனி எங்காலு அவ வாசப்படிய மிதிக்காது’ங்கிறா. டொம்முன்னு இடைவேளை.

— ஆமா, ஆமா. அது சரி.

— இடைவேளை முடிஞ்சு பாத்தா, ஆத்தா பட்டுச்சேலை கட்டிக் காருல உக்காந்திருக்கா.

— எதுல?

— காருல. வெள்ளக் காரு. டிரைவரு எறங்கி வந்து கதவத் தொறந்து விடுறான். உன்னய மாதிரியா, பல்லு வெளக்காம லுங்கியோட ஜீப்புல ஏறி உக்காரல. தொப்பியெல்லாம் வச்சிருக்கான்.

— நான் பல்லு வெளக்கிட்டேங்க்கா. லுங்கிய மட்டும் விட்டுருங்க, அது கம்பெனி உடுப்பு. சூளைக்காரிக்குக் காரு எப்பிடி வந்துச்சு?

— சூளையில சம்பாதிச்சிருப்பா. எல்லாத்தையும் டைரக்டரே சொல்லிக்கிட்டா இருப்பான்? பாக்குறவுகளுக்கும் கொஞ்சம் மூளை வேணும்ல.

— ஆளு அதே ஆளுதானாக்கா?

— கொஞ்சம் செவந்திருந்தா. சூளைப் பக்கம் போகாம காருக்குள்ளயே இருந்தா நீயுந்தான் செவப்ப. மூக்குதான் எங்களுக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு. முத பாதியில நல்லாக் கொடமொளகா மாதிரி இருந்தது, பொறவு வெண்டிக்காயா நீண்டு போச்சு. காசு வந்தா இப்பெல்லாம் மூக்கக்கூட மாத்திக்கிறாங்களாம்ல. பேசித் தீத்துக்கிட்டோம்.

— சரி, லாரிக்காரன்?

— அவனும் மாறிட்டான். தாடியக் காணோம். ஒசரமும் ஒரு சாண் கொறஞ்சு போச்சு. அதுக்குப் பொன்னுமணிதான் வெளக்கம் சொன்னா. இடைவேளைக்கு முன்னால லாரி பிரேக்குப் பிடிக்காம மரத்துல மோதுதுல்ல, அதுல மொகம் செதஞ்சு ஆபரேசன் பண்ணியிருப்பாங்கன்னு.

— ஒசரம் கொறஞ்சதுக்கும் ஆபரேசன்தானா?

— மோதுனது லாரி அப்பு, சைக்கிளா?

— மக? அவளுக்கு என்ன ஆபரேசன்?

— அவளுக்குப் பேருதான் மாறிப்போச்சு. முத பாதியில பவுனுத்தாயி. பொறவு எல்லாரும் சுவேதா, சுவேதாங்கிறாங்க. டவுனுக்குக் குடிபோனா பேர மாத்திக்கிறதுதான. நம்ம சூப்பர்வைசரு இங்கன சுருளிவேலு, மூணாறு போனா சுரேசு.

— யக்கா, ஒரு நிமிசம் இருங்க. இந்த வளைவத் திருப்பிக்கிறேன். நான் சிரிச்சா ஸ்டேரிங் சேந்து ஆடுது, பின்னால ஏலக்கா மூட்டை வேற.

— இப்ப எதுக்குச் சிரிக்கிற?

— முந்தாநாளு மேல் எஸ்டேட்டுல பேச்சிமுத்து அண்ணன் என் சட்டையப் பிடிச்சு ஒரு கேள்வி கேட்டாரு. ‘ஏன்டா மாயா, கோட்டுப் போட்டுக்கிட்டு பிளேன்ல வந்து எறங்குன மாப்ள, இடைவேளை முடிஞ்சதும் எதுக்குடா அழுக்குக் கைலியோட லாரிக்கு டயரு மாட்டுறான்?’னு. நான் அண்ணன் காலையிலயே ஊத்திட்டாருபோலன்னு நெனச்சேன். அவரு மேல அபாண்டம். இப்பத்தான் எனக்கு வெளங்குது.

— என்ன வெளங்குது?

— சொல்றேன், சொல்றேன். போடிமெட்டு செக்போஸ்டத் தாண்டிக்கிறேன், நிதானமாச் சொன்னாத்தான் ருசி. அதுக்கு முன்னால நீங்க சொல்லுங்க. திங்கக்கெழமையும் அதுவுமா, காய் எடுக்குற நாள்ல, சோலிக்குப் போகாம தலையில பூ வச்சுக்கிட்டு எங்க கெளம்பிட்டீங்க?

— மக வீட்டுக்கு.

— எந்த மக?

— எனக்கு எத்தன மக இருக்கா? சூர்யகலாதான்.

…

— பிரேக்க ஏன்டா போடுற? பின்னால பஸ்சுக்காரன் வையிறான் பாரு.

— அது… தானாப் பிடிச்சுக்கிருச்சுக்கா. ரெண்டு வருசமாச்சே. அவ பேர எடுத்தாலே ‘வண்டிய நிப்பாட்டு, நான் நடந்தே போறேன்’னு எறங்குறவுக. தீவாளிக்கு அவ குடுத்துவிட்ட சேலையக் கொண்டுபோய் லயத்து நாய்க்குப் போத்தி விட்டவுக.

— குளிருச்சு, அதுக்கு.

— நாய்க்கு என்னக்கா, அது மூணு நாளு மாமியா தோரணையில திரிஞ்சுச்சு. இப்ப என்ன திடீர்னு மக ஞாபகம்?

— அதான் படம் பாத்தேன்ல. சூளையில மண்ணள்ளிப் போட்ட ஆத்தாளே, அஞ்சு தாம்பாளத் தட்டு வச்சுக்கிட்டு மக வாசல்ல போயி நிக்கிறா. மக ஓடி வந்து கட்டிக்கிட்டா. மருமகன் கால்ல விழுகிறான். பின்னால பத்துப் பிள்ளைக ஒரே மாதிரிச் சேலையில ஆடுதுக. அம்புட்டு வீம்பு பிடிச்சவளே போயிட்டா, நான் என்ன அவளவிடப் பெரிய ஆளா?

— அப்ப, அந்த ஆத்தா போனதாலதான் நீங்க போறீங்க?

— பின்ன? சரி, செக்போஸ்டு தாண்டியாச்சு. என்னமோ வெளங்குதுன்னியே, சொல்லு.

— எதுக்கா?

— சிரிச்சியே.

— அதுவா. மறந்துபோச்சுக்கா. வெயில்ல வண்டி ஓட்டுற மண்டை.

— இன்னும் பனியே வெலகல, ஏது வெயிலு? சரி, நீதான் தியேட்டருலயே பாத்தவனாச்சே, உன் அபிப்ராயத்தச் சொல்லு. ரெண்டாவது பாதி எப்பிடி?

— அருமை.

— அப்புறம்?

— நடிப்பு அருமை. பாட்டு அருமை. கேமரா… கேமராவும் அருமைதான். அந்த ஆத்தா போனது ரொம்பச் சரி. எல்லா ஆத்தாமாரும் போகணும்.

— மாயா, என்னயப் பாத்துச் சொல்லு. வேணாம், ரோட்டப் பாத்தே சொல்லு. எந்தப் படத்தடா நீ நல்லாருக்குன்னு சொல்லியிருக்க? போன மாசம் ஊரே கொண்டாடுன சண்டைப் படத்த, ‘ரெண்டரை மணி நேரமா வில்லன் தொண்டையச் செருமுறான், அதுக்கு ஒரு மேளம்’னு சொன்னவன் நீ. பேய்ப் படத்தப் பாத்துட்டு, ‘பேய்தான்க்கா பாவம், இருந்த வீட்டுல நிம்மதியா இருக்க விடாம நாலு குடும்பம் மாறி மாறிக் குடிவருது’ன்னவன். உன் வாயில இருந்து ஒரே மூச்சுல நாலு அருமை வருதுன்னா, எங்கயோ இடிக்குதே.

— வயசாகுதுல்லக்கா, மனசு எளகுது.

— எளகும், எளகும். ரெண்டு வருசத்துக்கு முன்னால இதே மாதிரிதான் முழிச்ச. எம்மக உன் ஜீப்புல எறங்கிப் போனாளான்னு கேட்டதுக்கு.

— அன்னைக்கு அவ மூட்டைக்கு நடுவுல குத்தவச்சிருந்தாக்கா. சத்தியமா லோடுன்னுதான் நெனச்சேன்.

— லோடு வழியில நிப்பாட்டச் சொல்லி டீயும் வடையும் தின்னுச்சாமே.

— …அந்தத் தகவலு உங்களுக்கு எப்பிடி வந்துச்சு?

— டீக்கடக்காரன் சொன்னான். இப்ப நீ சொல்லு. எதையோ முழுங்குற.

— சொன்னா நீங்க எறங்கித் திரும்பிப் போயிருவீங்க.

— சொல்லாட்டி இப்பவே எறங்குவேன்.

— வளைவுல எறங்கக் கூடாதுக்கா, கீழ பாருங்க, ரோடே சுருட்டிப் போட்ட கயிறு மாதிரி கெடக்கு. சரி, சொல்லித் தொலைக்கிறேன். வைறதுன்னா மெதுவா வைங்க. பொன்னுமணி அக்கா டிவி பழசா, பெரிய படத்த அது வாங்காது. அதனால செல்போன் கடையில படத்த ரெண்டு துண்டா வெட்டித் தருவாங்க. இந்தத் தடவ ரெண்டு படம், ரெண்டு பென்டிரைவு. உங்க எஸ்டேட்டுக்கு ஒண்ணு, மேல் எஸ்டேட்டுக்கு ஒண்ணு. கடையில ஆளு இல்ல, நானே ஏத்துறேன்னு உக்காந்தேன். பத்தாப்பு மூணு தடவ எழுதுனவன்ட்ட ரெண்டு வரைக்கும் எண்ணச் சொன்னா இப்பிடித்தான் ஆகும்.

— புரியிற மாதிரிச் சொல்லு.

— முத துண்டுக ரெண்டும் சரியாப் போயிருச்சு. ரெண்டாவது துண்டுக எடம் மாறிப்போச்சு. உங்களுக்கு வந்த பின்பாதி வேற படத்தோட பின்பாதி.

— அப்ப அந்தப் பட்டுச்சேலைக்காரி?

— வேற ஆத்தா. வேற மக. வேற மூக்கு.

— லாரிக்காரனுக்கு ஆபரேசன்?

— ஒரு தையலு கூடப் போடலக்கா. அவன் மேல் எஸ்டேட்டு டிவில தாடியோட நல்லாத்தான் இருக்கான்.

— அட நாசமாப் போறவனே. இருவது பொம்பளைக விடிய எந்திரிச்சு காட்டுக்குப் போயும், காய் பறிச்சுக்கிட்டே, அவன் ஒசரத்துக்குப் பஞ்சாயத்துப் பேசுனோமடா. பொன்னுமணி டாக்டரு மாதிரி வெளக்குனா. சிரிக்காத, எனக்கும் வருது.

— சிரிக்கலக்கா. பயத்துல பல்லு தெரியுது.

— அப்ப சூளைக்காரி?

— விடுங்கக்கா. அது நமக்கு எதுக்கு.

— பொறவு என்னதான் ஆனா அவ?

— …போகலக்கா. கடைசி வரைக்கும் போகல. மக மூணு தடவ ஆளு விட்டுப் பாக்குறா. ஒரு தடவ நேருலயே வந்து கதவத் தட்டுறா. இவ உள்ள அடுப்ப ஊதிக்கிட்டே உக்காந்திருக்கா, எந்திரிக்கல. கடைசியில மக வந்து சேர்றப்ப, ஆத்தாளுக்குக் கண்ணு தெறக்கல. அம்புட்டுத்தான்.

— நீ அழுதியா?

— ஏலக்கா தூசிக்கா.

— தியேட்டருல ஏது ஏலக்கா தூசி?

— சட்டையில ஒட்டிக்கிட்டுக் கூடவே வந்துருச்சு.

— வெளங்காத படம். இதுக்கு டிக்கெட்டு எடுத்து வேற பாத்தியாக்கும். அந்தப் பெரியவரு பஜ்ஜி திங்கப் போனது சரி. எங்க படந்தான்டா படம். டைரக்டரு கிட்டச் சொல்லு, அடுத்த தடவ உன்ட்ட குடுத்து ஏத்தச் சொல்லி.

— கண்டிப்பாச் சொல்றேன்க்கா.

…

— யக்கா.

…

— யக்கா, நாலு வளைவாப் பேச்சக் காணோம். வையவாச்சும் செய்ங்க. நீங்க பேசாட்டி இஞ்சின் சத்தத்துல எனக்கு எங்கப்பன் வையிறது கேக்குது.

— கீழ பாத்துக்கிட்டு வர்றேன். நீ ஓட்டு.

— ஒரு விசயம் சொல்றேன், கேளுங்க. படம் பொய்யாவே போகட்டும். போன மாசம் வரைக்கும் சூர்யகலா சனிக்கெழமையானா நான் வர்ற நேரத்துக்குக் கரெக்டாப் போடியில புருசன் கடை வாசல்ல வந்து நிக்கும். ஒரே கேள்விதான். ‘அம்மா முட்டுக்குத் தைலம் தேய்க்குதாண்ணே?’ நானும் தேய்க்குது, தேய்க்குதுன்னு ரெண்டு வருசமாத் தேய்க்கிறேன். உங்களுக்குப் பயந்துக்கிட்டு உங்ககிட்டச் சொல்லல. மருமகனும் தங்கமான பய. டயருக் கடை வச்சிருக்கான், என் டயருக்கெல்லாம் ஒட்டுப் போடுறான், நல்லாப் போடுறான். சர்ச்சுக்குப் போற வீடுன்னாலும் அவளுக்குப் பொட்டு வைக்க ஒருத்தரும் தடை சொல்லல. இம்புட்டுத் தூரம் வந்துட்டீங்க, மலை எறங்கியாச்சு. அந்தா போடி பஸ் ஸ்டாண்டு தெரியுது.

— நிப்பாட்டு.

— யக்கா, என்னய வேணா ரெண்டு அடி அடிச்சுக்கங்க.

— நிப்பாட்டுடா.

— நிப்பாட்டிட்டேன். எம்புத்தி. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ரெண்டாவது பாதி அருமைன்னு சொன்னதோட முடிச்சிருந்தா, இந்நேரம் நீங்க அவ வாசல்ல நின்னிருப்பீங்க. சரி, உக்காருங்க. மேல போற பஸ்சு இப்ப வந்துரும், நானே ஏத்தி விடுறேன்.

— மேல போற பஸ்ஸ வச்சு நான் என்ன செய்ய? அந்தக் கடையில சின்னதா ஒரு கம்பளித் தொப்பி தொங்குது பாரு, வெரசா எறங்கிப் போயி வாங்கிட்டு வா. நீ சொல்லாட்டி என்ன, டீக்கடக்காரன் சொல்லிட்டான்; பொறந்து பதினெட்டு நாளான பேத்தியப் பாக்க எவளாச்சும் வெறுங்கையோட போவாளா.