ஐந்நூறு மைலுக்குள்

வண்டி என்பது நிறுத்திவைத்தால் கெட்டுப்போகிற பொருள், ஐயா. ஓட்டினால் தேயும், ஓட்டாவிட்டால் துருப்பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவு தெரிந்தவன்தான் மெக்கானிக், மற்றவனெல்லாம் ஸ்பானர் பிடிக்கிறவன்.

யாராவது அடித்தோ மிரட்டியோ சொல்லவைத்தார்களா என்று கேட்டீர்கள். இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் ஆதித்தன் ஐயா டீ வாங்கிக்கூடக் கொடுத்தார். மாஜிஸ்திரேட் ஐயா, உங்கள் முன்னால் நானாகத்தான் சொல்கிறேன். என் தங்கை ரெபேக்காளின் புருஷன் பிச்சைமணியை நான்தான் கொன்றேன். ஏன் கொன்றேன் என்பதைத்தான் ஊரில் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் ஏசுதாசன். வயது நாற்பத்தாறு. தென்காசியில் குற்றாலம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிப்போனது. இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளில் உதைப்பதும் கியர் போடுவதும் வலது காலில்தான். ஆக, செத்துக் கிடந்த எத்தனையோ வண்டிகளை எழுப்பி ரோட்டில் விட்டிருக்கிறேன், ஒன்றைக்கூட நான் ஓட்டியதில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தாய் தகப்பன் போன பிறகு ரெபேக்காளை வளர்த்து ஆளாக்கிக் கட்டிக்கொடுத்தது நான். எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன். இதை மட்டும் எழுதுகிறவர் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் குற்றாலத்தில் ஆவுடையம்மாள் பங்களாவுக்குத் தண்ணீர் பம்ப் பார்க்கப் போனேன். பின்கட்டுக் கொட்டகையில் ஒரு பி.எஸ்.ஏ. முன்னூற்றைம்பது மோட்டார் சைக்கிள் நின்றது. நாற்பத்தேழில் ஓர் எஸ்டேட் துரை புதிதாக வாங்கி, இரண்டு சீசனுக்கு ஓட்டிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டாராம். சீட்டின்மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

“எடுத்துட்டுப் போவும் ஏசுதாசன்,” என்றார் அந்த அம்மாள். “கோழி முட்டை போடுதேன்னு பொறுத்தேன். இப்போ பாம்புல்லா வந்து அடையுது.”

மீட்டரைத் துடைத்துப் பார்த்தேன். இருநூற்று எண்பத்தேழு மைல். பன்னிரண்டு வருஷத்து வண்டி ஐயா, முன்னூறு மைல்கூட ஓடவில்லை. புது என்ஜினுக்கு முதல் ஐந்நூறு மைல்தான் பால்குடிப் பருவம். அதுவரை அதைப் புது வண்டி என்று சொல்லலாம். தாண்டிவிட்டால் ஊரில் ஓடுகிற நூறு வண்டியில் அதுவும் ஒன்று. அந்தக் கோழி எச்சத்தின் நடுவில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு வந்தேன்.

பிஸ்டன் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி, பதினெட்டு நாள் பொறுத்திருந்து, மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்கினேன். டாங்கிக்குள் பொடிச் சரளையைப் போட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, போகும்போதும் வரும்போதும் ஆட்டி ஆட்டித் துருவை உதிர்த்தேன். மக்னெட்டோவை மதுரைக்கு அனுப்பிக் கம்பி சுற்றி வாங்கினேன். மீட்டர்தான் காலை வாரிவிட்டது. சாரல் ஈரம் இறங்கி உள்ளே பல்சக்கரமெல்லாம் அரித்துப்போயிருந்தது.

தூத்துக்குடியில் பழைய சாமான் விற்கிற பரீது ஒரு மீட்டர் கொண்டுவந்தான். கப்பலில் வந்த ஏதோ வெளிநாட்டு வண்டியிலிருந்து கழற்றியதாம். அளவெல்லாம் சரியாக இருந்தது. முகத்தில் மட்டும் எழுத்துகள் வேறு மாதிரி இருந்தன.

“இதுல என்னமோ வேற எழுதிருக்கே பரீது?”

“மூஞ்சி எதுக்கு வே ஒமக்கு? கொடலு நல்லாருக்கா, அதப் பாரும்.”

நியாயமான பேச்சு. குடலை மட்டும் எடுத்து, துரை வண்டியின் மைல் போட்ட பழைய முகத்தை அதன்மேல் வைத்து மூடினேன். எண்களை ஊசியால் தள்ளி, இருநூற்று எண்பத்தேழில் நிறுத்தினேன். ஒட்டு வேலை என்று ஒருவராலும் சொல்ல முடியாது. நாளடைவில் எனக்கே மறந்துபோனது.

இந்த வருஷம் ஜூன் மாதம், சாரல் தொடங்கிய முதல் சனிக்கிழமை, வண்டியை ரோட்டில் இறக்கினேன். ஓட்ட எனக்குக் கால் இல்லை. மரக்கடையில் வேலை பார்க்கிற பிச்சைமணிக்குச் சனிக்கிழமை அரைநாள் லீவு. அவன் தாய் செங்கோட்டையில் இருக்கிறாள். எல்லாம் பொருந்தி வந்தது.

“வாரத்துக்குப் பத்து மைல் மாப்பிள,” என்றேன். “செங்கோட்டைக்குப் போவ அஞ்சு, வர அஞ்சு. உம்ம அம்மையப் பாத்த மாதிரியும் ஆச்சு, என்ஜினுக்கு எண்ணெய் ஏறுன மாதிரியும் ஆச்சு. அதுக்கு மேல ஒரு அடி போவக்கூடாது. பின்னால ஆளு ஏத்தக்கூடாது.”

“சப்பரம் மாதிரி இழுத்துட்டு வாரேன் மச்சான்,” என்று சிரித்தான். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஆள். குரோமியத்தில் கைரேகை படிய நிற்பான், சீட்டி அடிப்பான். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் மீட்டரைப் பார்த்தேன். முன்னூற்று மூன்று. பத்து மைலுக்குப் பதில் பதினாறு ஓடியிருந்தது.

“வழியில எங்கயும் சுத்துனீரா?”

“செங்கோட்டைதான் மச்சான். வேற எங்க போவேன்?”

அடுத்த சனிக்கிழமையும் பதினாறு. அதற்கடுத்த வாரமும் பதினாறு. ஒரு வாரம் பதினாலு, ஒரு வாரம் பதினெட்டு என்று வந்திருந்தால் ஏதோ ஊர் சுற்றுகிறான் என்று விட்டிருப்பேன். பிசகாமல் பதினாறு வந்தது. ஒரே இடத்துக்குப் போய் வருகிறவனுக்குத்தான் அப்படி வரும். பத்து போக ஆறு மிச்சம். தென்காசியிலிருந்து குற்றாலம் போக மூன்று, வர மூன்று. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டுமா, ஐயா?

குற்றாலத்தில் வாராவாரம் என்ன வேலை இருக்க முடியும்? ஒருத்திதான் இருக்க வேண்டும். அவளை நான் பார்த்ததில்லை. ஆனால் பட்டறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு ஒரு பெயர்கூட வைத்துவிட்டேன், குழல்வாய்மொழி என்று. குற்றாலத்தில் பிறந்தவளுக்கு அம்மன் பெயரைத்தானே வைத்திருப்பார்கள். ஒரு வாரம் ரெபேக்காளுக்கு, குற்றாலத்தில் விளைகிற மங்குஸ்தான் பழம் வாங்கி வந்தான். செங்கோட்டைக் கடையில் வாங்கியதாகச் சொன்னான். அதன் கறை டாங்கியில் பட்டிருந்தது. நான்தான் துடைத்தேன்.

செங்கோட்டைக்குப் போய் அவன் தாயைக் கேட்டிருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். பெற்றவள் பிள்ளையைக் காட்டிக்கொடுப்பாளா? மனுஷனைக் கேட்டால் மனுஷன் பொய் சொல்வான். மீட்டருக்கு வாயும் இல்லை, சொந்தபந்தமும் இல்லை.

ஆகஸ்டில் ரோட்டில் மைல்கல் மாற்றுகிறவர்கள் தள்ளுவண்டிச் சக்கரம் முறிந்து என் பட்டறைக்கு வந்தார்கள். வண்டியில் இருந்த புதுக் கல்லில் செங்கோட்டை எட்டு என்று எழுதியிருந்தது. “நேத்துவரைக்கும் அஞ்சு, இன்னைக்கு எட்டா? ஊரு அங்கனயேதான இருக்கு?” என்று கேட்டேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சர்க்கார் புதிது புதிதாக ஏதாவது செய்துகொண்டுதான் இருக்கும் என்று சக்கரத்தைச் சரிசெய்து அனுப்பினேன்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். வண்டி தேயாதா? பதின்மூன்றாவது வாரம் மீட்டர் நானூற்றுத் தொண்ணூற்றைந்தில் வந்து நின்றது. அப்போதே வண்டியைப் பிடுங்கியிருக்கலாம். திருடனைப் பிடிக்க வேண்டுமென்றால் கதவைத் திறந்துதானே வைக்க வேண்டும். இந்த மாதம் முதல் தேதி, சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் வந்து இறங்கியபோது ஐந்நூற்றுப் பதினொன்று. என் வண்டி பழசாகிவிட்டது. அவன் சீட்டி அடித்துக்கொண்டே ஸ்டாண்டு போட்டான்.

வழி பல இருந்தது. பிரேக்கைத் தளர்த்தி வைத்திருந்தால் வழியில் ஏதாவது புளியமரத்தில் மோதியிருப்பான், விபத்து என்று போயிருக்கும், உங்களுக்கும் இந்தச் சிரமம் இல்லை. ஆனால் வண்டி என்னாவது? மனம் வரவில்லை.

“மாப்பிள, டாப்பெட் சத்தம் ஒரு மாதிரியா இருக்கு. கேட்டுப் பாரும்,” என்றேன். ஸ்க்ரூ டிரைவர் முனையை ஓடுகிற என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பது எங்கள் தொழில் வழக்கம். அவன் குந்தி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“நல்லாத்தான இருக்கு மச்சான். தாலாட்டு மாதிரில்லா கேக்கு.”

நாலு ராத்தல் சுத்தியல். காதுக்குப் பின்னால் ஓர் அடி. விழுந்த பிறகு நெற்றியில் இரண்டு. அந்த இரண்டும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் விழும்போது ஸ்க்ரூ டிரைவரை இழுத்துச் சிலிண்டரில் ஒரு கீறல் போட்டுவிட்டான், அதில் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. மண்டை ஓடு உள்ளே போனது கையில் தெரிந்தது. என்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்ததால் வெளியே ஒன்றும் கேட்டிருக்காது.

இரத்தத்தில் உப்பு இருக்கிறது. குரோமியத்தில் நின்றால் புள்ளி விழும். அதனால் முதலில் டாங்கியைத் துடைத்தேன், பிறகு சைலன்சரை. சைலன்சர் சூட்டில் இரத்தம் பொரிந்து ஒட்டிக்கொண்டது, சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டியதாயிற்று. அவனுக்கு இன்னும் மூச்சு இருந்தது. குறட்டை மாதிரி ஒரு சத்தம், கால் மட்டும் தரையை உதைத்துக்கொண்டிருந்தது. நான் துடைத்து முடித்தபோது நின்றிருந்தது.

அந்த நேரத்தில்தான் ரெபேக்காள் தூக்குச்சட்டியில் காப்பி கொண்டுவந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து, அவன் தலையில் மிச்சமிருந்ததை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“ஒனக்காகத்தான் ஏட்டி செஞ்சேன்,” என்றேன். “குற்றாலத்துல ஒருத்திய வச்சிருந்தான்.”

“யாரு சொன்னா?”

“மீட்டர் சொல்லுது.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அவுக செங்கோட்டைக்குத்தாண்ணே போனாக. ரெண்டு தடவ நானும் பின்னால உக்காந்துல்லா போனேன். நீ ஏசுவன்னு அந்த முக்குல போயி ஏறிக்கிட்டேன். நேரா போயி நேரா வந்தோம்.”

அவள் சொன்னதில் என் காதில் விழுந்தது ஒன்றுதான். இரண்டு பேர். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லாத வண்டி, ஐயா. இரண்டு ஆள் எடையும் நேராகச் சட்டத்தில்தான் இறங்கும். எவ்வளவு படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். என்னை ஏமாற்றிவிட்டார்களே.

அதைச் சொன்னேன். உடனே அவள் எழுந்து, கீழே கிடந்த சுத்தியலை எடுத்து வண்டியை அடித்தாள். முதல் அடியில் விளக்குக் கண்ணாடி போனது. இரண்டாவது அடி டாங்கியில். ஒரு நெளிவும் இல்லாத டாங்கி அது. மூன்றாவதாக மீட்டரைப் பார்த்து ஓங்கினாள். கையைப் பிடித்தேன். முதலில் கையைத்தான் பிடித்தேன். அதன் பிறகுதான் கழுத்தை. எனக்குக் காலில்தான் பலமில்லை. சின்ன வயதில் சோறு ஊட்டிய கழுத்து, என் ஒரு கைக்குள் அடங்கியது. நகத்தால் என் முகத்தைக் கிழித்தாள், இதோ தழும்பு இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டாள். காப்பி இன்னும் சூடாகத்தான் இருந்தது. அவள் போட்ட காப்பியை வீணாக்க மனமில்லை, குடித்தேன். பிறகு கதவைத் திறந்துவைத்துவிட்டு, யாராவது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

தங்கைக்காகச் செய்தேன் என்கிறவன் தங்கையை ஏன் கொன்றான் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். அவள் அப்போது அவளாக இல்லை. நிதானத்தில் இருந்திருந்தால் ரெபேக்காள் அந்த வண்டியை அடித்திருக்க மாட்டாள். அது எனக்கு என்னவென்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

இன்னும் ஒன்று பாக்கி. ஏட்டு சங்கிலிப்பாண்டி, பிச்சைமணியின் தாயை விசாரிக்க அதே வண்டியில் செங்கோட்டை போய் வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாராவாரம் பிள்ளை நேராக வீட்டுக்குத்தான் வந்தான் என்று அந்தத் தாய் சொல்லியிருக்கிறாள். அன்று மத்தியானம் ஆதித்தன் ஐயா லாக்கப் கம்பிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“ஏசுதாசன், ஏட்டு போயிட்டு வந்தது பத்து மைல்தான் வே. மீட்டர்ல பதினாறு ஏறிருக்கு. ஒம்ம மீட்டர் மைலுக்கு உள்ளது இல்ல, கிலோமீட்டருக்கு உள்ளது. பத்து மைலுன்னா பதினாறு கிலோமீட்டர். அந்தப் பய ஒரு அடிகூட அங்கிட்டு இங்கிட்டுப் போவல.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். அழுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. எனக்குப் பரீது கொண்டுவந்த அந்த மீட்டரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. சுவரில் விரலால் கணக்குப் போட்டேன். பதினாலு வாரம், வாரத்துக்குப் பத்து, நூற்று நாற்பது. துரை ஓட்டியதோடு சேர்த்தால் நானூற்று இருபத்தேழு. ஏட்டையா ஓட்டிய பத்தையும் சேர்த்து நானூற்று முப்பத்தேழு.

“எதுக்கு வே சிரிக்கீரு?” என்று இன்ஸ்பெக்டர் ஐயா எழுந்து நின்றுவிட்டார்.

ஐந்நூறு ஆகவில்லையே, ஐயா. ஆகிவிட்டது என்று நினைத்து நான் எவ்வளவு வேதனைப்பட்டேன். அது இன்னும் புது வண்டிதான்.

எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. ஒரே ஒரு வேண்டுகோள். வழக்கு முடிகிறவரை வண்டியைக் கோர்ட் கொட்டகையில் அப்படியே போட்டுவிடாதீர்கள், துருப்பிடித்துவிடும். வாரத்துக்குப் பத்து மைல் வீதம் இன்னும் ஆறு வாரம் தாராளமாக ஓட்டலாம். ஓட்டுகிறவன் மட்டும் நம்பிக்கையான ஆளாக இருக்க வேண்டும். சொன்ன தூரத்துக்கு மேல் ஒரு அடி போகாத ஆள், பிச்சைமணி மாதிரி.