அடுத்தவர் வசனம்

முரியல்: படத்த நிறுத்தறேன், இரு... இதோ. நல்லாப் பாத்துச் சொல்லு. இது யாரு வாய்?

ஆர்ச்சி: என் வாய்தான்.

முரியல்: பேசறது யாரு?

ஆர்ச்சி: டாஃப்னி.

முரியல்: அப்ப உன் வாய்க்கு அங்க என்ன வேலை?

ஆர்ச்சி: உணர்ச்சி, முரியல். அம்மாவப் புதைச்சுட்டு வந்து அக்காக்காரி பேசறா. தம்பி எதிர்ல உக்காந்து கேக்கறான். உதடு துடிக்காதா?

முரியல்: துடிக்கலாம். ஆனா 'அந்த நீலக் கம்பளிய யாருக்குக் குடுத்தீங்க'ன்னு முழு வாக்கியமா துடிக்காது.

ஆர்ச்சி: ...டீ ஆறிடுச்சா?

முரியல்: காலையிலயே ஆறிடுச்சு. பேச்ச மாத்தாத. டிவியில பதினோரு வருஷம் இன்ஸ்பெக்டரா வந்து இங்கிலாந்துல இருக்கற கொலைகாரன எல்லாம் கண்டுபிடிச்ச. சொந்த வாய் என்ன பண்ணுதுன்னு கண்டுபிடிக்கத் தெரியல.

ஆர்ச்சி: அந்த இன்ஸ்பெக்டர் வாயில பைப் இருந்துச்சு. அதான் அடங்கிக் கெடந்துச்சு.

முரியல்: இதுலயும் ஒண்ணச் சொருகியிருக்கலாம்.

ஆர்ச்சி: சாவு வீட்டுலயா?

முரியல்: சாவு வீட்டுல கூடவே ஒப்பாரி வைக்கிறத விட அது மரியாதையா இருந்திருக்கும். வேற டைரக்டர்னா இந்த மாதிரி ஒரு சீன நாலு பக்கத்துல இருந்து எடுத்து வச்சிருப்பான். ஒண்ணு கெட்டா இன்னொண்ண ஒட்டலாம். நீ என்ன பண்ணின? நாடகம் பாக்க வந்த மாதிரி கேமராவுக்கு நாலாவது வரிசைல டிக்கெட் வாங்கி உக்கார வச்சிருக்க. ரெண்டு பேரையும் சேத்து ஒரே ஷாட். நாலு நிமிஷம். ஏழு டேக். ஏழுலயும்...

ஆர்ச்சி: வாய்.

முரியல்: வாய்!

ஆர்ச்சி: நீ லீட்ஸ் நாடகக் கம்பெனில வேல பாத்ததில்ல, அதான் பேசற. வாரம் ஒரு புது நாடகம் அங்க. ராத்திரி ஒண்ண நடிச்சுக்கிட்டே பகல்ல அடுத்தத மனப்பாடம் பண்ணணும். திங்கக்கிழமைன்னா யாராவது ஒருத்தன் கட்டாயம் வசனத்த மறந்துட்டு நடு மேடைல முழிப்பான். அதுக்காக எல்லாரும் எல்லாரோட வசனத்தையும் படிச்சு வச்சிருப்போம். அந்தப் பழக்கம்... நாக்குல ஒட்டிக்கிச்சு.

முரியல்: டாஃப்னியும் அதே லீட்ஸ்தான. அதே மேடை, அதே திங்கக்கிழமை. அவங்க உதடு உன் வசனத்துக்கு ஆடலியே?

ஆர்ச்சி: அவ பெரிய நடிகை.

முரியல்: நீ?

ஆர்ச்சி: நான் மூணு பிஷப், ரெண்டு பேய், பதினாறு சமையல்காரன், ஒரு குதிரை.

முரியல்: குதிரையா?

ஆர்ச்சி: குதிரை வேஷத்துக்குள்ள முன்பாதி மட்டும். பின்பாதிக்கு வந்தவன் இப்ப நாடாளுமன்றத்துல இருக்கான்.

முரியல்: அப்புறம் போர்ப் படங்கள்ல ஜெர்மன் தளபதி. வந்து ஒரு தடவ முறைச்சுட்டுச் செத்துப்போவ.

ஆர்ச்சி: ஒன்பது படத்துல செத்திருக்கேன். ஒண்ணுலயும் வாய் அசையல. அதையும் கணக்குல வச்சுக்க.

முரியல்: வச்சுக்கிட்டேன். அதான் புரியல எனக்கு. அறுபத்தாறு வயசுல திடீர்னு 'நான் டைரக்டர்'னு தொப்பி மாட்டினதும் வாய் கழண்டுக்கிச்சா?

ஆர்ச்சி: தொப்பிய விடு. மண்டை குளிருது, அதான் போட்டேன்.

முரியல்: சரி, இப்ப நான் சொல்றதக் கேளு. மூணே முக்கால் ஆகுது. நாலு மணிக்கு கிளைவ் வர்றாரு. தயாரிப்பாளர் கண்ணுல இது பட்டா ஒரே வழிதான். அந்தச் சமையலறை செட்ல விளக்கப் போட்டு, டாஃப்னிய ஒரு நாள் கூப்பிட்டு...

ஆர்ச்சி: வேண்டாம்.

முரியல்: முடிக்க விடுப்பா.

ஆர்ச்சி: முடிச்சாலும் வேண்டாம்.

முரியல்: செட் இன்னும் கலைக்கல.

ஆர்ச்சி: கலைக்கச் சொல்லு.

முரியல்: அப்ப இந்த வாயோடதான் படம் வரப்போகுதா? பத்திரிகைக்காரன் என்ன எழுதுவான் தெரியுமா? 'மேடைய விட்டு இறங்கி வந்தவருக்குப் பாத்திரம் ஒண்ணு பத்தல, எதிர்ல இருக்கறவங்க பாத்திரத்தையும் சேத்து நடிச்சிருக்காரு.'

ஆர்ச்சி: எழுதட்டும்.

முரியல்: சொல்றது யாரு? உன் மூக்கப் பத்தி ஒரு வரி எழுதினான்னு மூணு நாள் பட்டினி கெடந்த ஆர்ச்சியா?

ஆர்ச்சி: ரெண்டு நாள்தான். மூணாவது நாள் முட்டை சாப்பிட்டேன்.

முரியல்: இது நீ டைரக்ட் பண்ற முதல் படம். ஊரே சிரிச்சா ரெண்டாவது படம்னு ஒண்ணு கிடையாது. தெரியும்ல?

ஆர்ச்சி: தெரியும்.

முரியல்: தெரிஞ்சும்...

கிளைவ்: என்ன தெரியும்? யாருக்குத் தெரியும்?

ஆர்ச்சி: வா தம்பி. கதவத் தட்டற வழக்கம் இல்லையா உங்க தலைமுறைல?

கிளைவ்: தட்டினேன் ஆர்ச்சி. கீழ மார்க்கெட்ல முட்டைக்கோஸ் விக்கறவன் கத்தறான், அதுல அமுங்கிடுச்சு. முரியல், அந்தச் சமையலறை சீனப் போடுங்க. பணம் போட்டவங்க நாளைக்கு வர்றாங்க, அதுதான் முதல்ல காட்டப்போறேன்.

முரியல்: ஒரு சாண்ட்விச் சாப்பிட்டுட்டுப் பாக்கறீங்களா?

கிளைவ்: பாத்துட்டுச் சாப்பிடறேன். ஓட விடுங்க... ஆகா. டாஃப்னியம்மா... பாருங்க, பாருங்க! ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல எப்படி நிறுத்தறாங்க! வார்த்தை கிடைக்காமத் தேடற மாதிரியே இருக்கு! இத யாரு சொல்லிக் குடுத்தா, நீங்களா?

ஆர்ச்சி: அவளா பண்றதுதான்.

கிளைவ்: இதுக்குப் பரிசு குடுக்கலன்னா நான்... இருங்க. என்ன இது? ஆர்ச்சி, நீங்க என்னத்த மென்னுட்டிருக்கீங்க?

ஆர்ச்சி: வசனம்.

கிளைவ்: யாரோடது?

ஆர்ச்சி: அவளோடது. என் தப்புதான் தம்பி. அவ மேல ஒரு குறையும் இல்ல. முழுசா என் தப்பு. எழுதி வேணாலும் தர்றேன்.

கிளைவ்: எழுதி வாங்கி நான் என்ன பண்ண, சட்டம் போட்டு மாட்டவா? நாப்பது வருஷம் நடிச்ச மனுஷன், பள்ளிக்கூட நாடகத்துல பசங்க பண்ற மாதிரி...

முரியல்: பசங்க திருத்தினாத் திருந்திடுவாங்க.

கிளைவ்: ஒண்ணும் குடி முழுகல. வியாழக்கிழமை மறுபடி எடுத்துடலாம். நானே கேமரா பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து உங்க வாயையே பாத்துட்டு இருக்கேன். உதடு பிரிஞ்சா 'கட்'. தேவப்பட்டா பிளாஸ்திரி போட்டு ஒட்டிடுவோம்.

ஆர்ச்சி: வியாழக்கிழமை அவ ஊர்ல இல்ல.

கிளைவ்: நேத்துதான் போன்ல பேசினேன், வீட்டுலதான் இருக்காங்க.

ஆர்ச்சி: ...நீ பேசினியா? என்ன சொன்னா?

கிளைவ்: நல்லா சிரிச்சுப் பேசினாங்க. என்ன ஒண்ணு, ரெண்டு தடவ என்னை 'ராபின்'னு கூப்பிட்டாங்க.

ஆர்ச்சி: அவ எல்லாரையும் ராபின்னுதான் கூப்பிடுவா. மேடைக்காரங்க பழக்கம் அது.

கிளைவ்: அப்படியா முரியல்?

முரியல்: என்னைக்கூட ராபின்னுதான் கூப்பிடுவாங்க.

கிளைவ்: விசித்திரமான கூட்டம்ப்பா நீங்க. சரி, வியாழக்கிழமை காலைல எட்டு மணிக்கு...

முரியல்: வியாழக்கிழமை வேண்டாம் கிளைவ்.

கிளைவ்: நீங்களுமா?

முரியல்: ஒத்திகையப்ப வெளிச்சம் பாக்க, ஆர்ச்சியோட தோளுக்குப் பின்னால இருந்து டாஃப்னிய மட்டும் எடுத்த ஷாட் ஒண்ணு கெடக்கு. அதுல இவன் பின்மண்டையும் ஒரு காதும்தான் தெரியும். நாலு நிமிஷமும் அவங்க முகத்துலயே நின்னுடலாம்.

கிளைவ்: படத்தோட உயிரே இந்த சீன். அதுல கதாநாயகன் முகமே இருக்காதா? பணம் போட்டவங்க இவர் முகத்த நம்பித்தான் போட்டாங்க.

முரியல்: முகத்த விட அந்தக் காது நல்லா நடிச்சிருக்கு.

ஆர்ச்சி: காதுக்கும் மேடைப் பயிற்சி உண்டு.

கிளைவ்: விளையாடாதீங்க. தன் முகத்த வெட்டறதுக்கு எந்த நடிகனாவது ஒத்துக்குவானா?

ஆர்ச்சி: நான் ஒத்துக்கறேன். வெட்டு முரியல்.

முரியல்: வெட்டிட்டேன். ஒட்டியும் வச்சிருக்கேன். இப்படித் திரும்புங்க கிளைவ், ஓட விடறேன்.

ஆர்ச்சி: ஏற்கெனவேயா? எப்ப...

முரியல்: உஷ். இதுலயும் பேசுவியா நீ?

கிளைவ்: அந்தக் கண்ணப் பாருங்க...

முரியல்: கிளைவ்?

கிளைவ்: ம்.

முரியல்: அழறீங்களா?

கிளைவ்: தூசி.

முரியல்: இந்த ரூம்ல தூசி இருந்தா பிலிம் கெட்டுடும். நீங்க அழறீங்க.

கிளைவ்: சரி, வச்சுக்கங்க! இதையே வச்சுக்கங்க. வியாழக்கிழமை வேண்டாம். செட்டக் கலைக்கச் சொல்லிடறேன்... ஆர்ச்சி, ஒண்ணு மட்டும் சொல்றேன். இந்த வாய்க் கதைய ஊரெல்லாம் சொல்லப்போறேன்.

ஆர்ச்சி: தாராளமாச் சொல்லு தம்பி. கொஞ்சம் மசாலா போட்டே சொல்லு.

கிளைவ்: அந்த சாண்ட்விச்ச எடுத்துக்கறேன். வர்றேன்.

முரியல்: கதவச் சாத்திட்டுப் போங்க!

ஆர்ச்சி: ...போயிட்டானா?

முரியல்: போயாச்சு. படியில மூக்கச் சிந்தற சத்தம் கேக்குது.

ஆர்ச்சி: எப்ப ஒட்டின இத?

முரியல்: மூணு வாரம் ஆச்சு.

ஆர்ச்சி: மூணு வாரமா! அப்ப காலைல இருந்து என் தோல உரிச்சியே, அது எதுக்கு?

முரியல்: நீயா வாயத் தொறந்து சொல்றியான்னு பாத்தேன்.

ஆர்ச்சி: சொல்ல என்ன இருக்கு? கிழட்டு நடிகன், கெட்ட பழக்கம்.

முரியல்: ஆர்ச்சி, இருபத்தெட்டு வருஷமா இந்த மேசைல உக்காந்து நடிகனுங்கள வெட்டிட்டிருக்கேன். அடுத்தவர் வசனத்த முணுமுணுக்கறவனுங்கள நிறையப் பாத்திருக்கேன். அவனுங்க உதடு கூடவே போகும், இல்லன்னா கொஞ்சம் பின்னாடி போகும். உன் உதடு முன்னாடி போகுது.

ஆர்ச்சி: முன்னாடின்னா?

முரியல்: பன்னெண்டு ஃபிரேம். அரை நொடி. பென்சிலால குறிச்சு எண்ணினேன். ஒவ்வொரு வரியையும் நீ வாயால ஆரம்பிச்சு வச்ச பிறகுதான் அவங்களுக்கு வருது.

ஆர்ச்சி: ...தப்பா எண்ணியிருப்ப.

முரியல்: மூணு தடவ எண்ணினேன்.

ஆர்ச்சி: யார்கிட்டயாவது சொன்னியா?

முரியல்: போன வாரம் கிளைவ் கேட்டாரு, 'ஷூட்டிங்ல ஆர்ச்சி ஒரு மாதிரி இருந்தாராமே, என்ன கோளாறு'ன்னு. 'தலைக்கனம்'னு சொன்னேன். உடனே நம்பிட்டாரு.

ஆர்ச்சி: நல்லவேளை, நம்பற மாதிரி ஒண்ணச் சொன்ன.

முரியல்: எவ்வளவு நாளா இப்படி?

ஆர்ச்சி: கிறிஸ்துமஸ்ல இருந்து அவளுக்கு ஞாபகம் நழுவுது. முப்பது வருஷத்துக்கு முந்தி நடிச்சத எல்லாம் இப்பவும் மூச்சு விடாம ஒப்பிப்பா. காலைல படிச்சது மத்தியானம் இருக்காது. படத்துக்கு இன்சூரன்ஸ் குடுத்தவன் காதுல விழுந்திருந்தா அன்னிக்கே அவள வீட்டுக்கு அனுப்பிட்டு வேற ஒருத்தியக் கொண்டுவந்திருப்பாங்க. வாழ்க்கை பூரா மேடைலயே இருந்தவளுக்கு இது முதல் சினிமா, முரியல். கடைசியும் இதுதான். என்னால தாங்க முடியல... அதான் அசைச்சேன்.

முரியல்: அவங்களுக்குத் தெரியுமா? நீ எதுக்கு வாய அசைச்சேன்னு?

ஆர்ச்சி: அவளுக்கா? ஒவ்வொரு டேக் முடிஞ்சதும் என் கையத் தட்டிக் குடுத்து, 'பயப்படாத ஆர்ச்சி, வசனம் மறந்துபோனா என் உதட்டப் பாரு, நான் எடுத்துக் குடுக்கறேன்'னா.